வாடகைப் பாக்கியும் விடுதலை ஆண்டும்

2020 மார்ச் 29ஆம் நாள் இந்திய அரசின் உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. ஊரடங்கு தொடங்கி அது ஐந்தாம் நாள். புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்கள் வாடகைக்குக் குடியிருக்கும் இடங்களில் வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாத காலத்திற்கு வாடகை கேட்கலாகாது என்றும், தொழிலாளரையோ மாணவரையோ காலிசெய்யும்படி கட்டாயப்படுத்துவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அவ்வாணை கூறிற்று. தொழிலகம் மூடியிருந்த நாள்களுக்கும் பிடித்தமின்றி ஊதியம் வழங்கவேண்டும் என முதலாளிகளுக்கும் அதே தாளில் கட்டளையிடப்பட்டது. மே 18 முதல் இரு கட்டளைகளும் நடைமுறையிலிருந்து நீங்கின. ஊதியக் கட்டளையை எதிர்த்து முதலாளிகள் உச்ச நீதிமன்றம்வரை சென்றனர். அதுபற்றிச் செய்தித்தாள்கள் பல நாள் எழுதின. வாடகைக் கட்டளையோ வந்ததும் பலருக்குத் தெரியாது, போனதும் தெரியாது.

பெருந்தொற்று ஓய்ந்து ஆண்டுகள் சில கடந்தபின் இதனை இப்பக்கங்களில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வெள்ளம் வந்தாலும் புயல் அடித்தாலும் ஆலை மூடினாலும் இதே வினா திரும்ப எழுகிறது: வருமானம் நின்றுபோன குடியிருப்பாளரின் வாடகையை யார் ஏற்பது? வீட்டுக்காரரா, குடியிருப்பவரா, அரசா? யூபிலி ஆண்டைப்பற்றி நாம் அருளுரை ஆற்றுகிறோம். இறையியல் கல்லூரிகளில் அதனைப் பாடமாகப் பயில்கிறோம். ஆனால் அந்த அருளுரை வாடகை வீட்டின் கதவருகே வரும்போது என்ன சொல்கிறது என்பதை நாம் போதிய அளவு ஆராயவில்லை என்றே கூறவேண்டும்.

வள்ளூரை எடுத்துக்கொள்வோம். எண்ணூர்க் கழிமுகத்திற்கு அப்பால், மீஞ்சூரை அடுத்துள்ள இவ்வூரின் பெயர் 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தால் வெளியுலகிற்குத் தெரிந்தது. அருகே அத்திப்பட்டு, வடசென்னை அனல்மின் நிலையம், காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகியன உள்ளன. நிலக்கரியும் சாம்பலும் சரக்குப் பெட்டகங்களும் நகரும் இப்பகுதியில் ஒப்பந்தக்காரரிடம் வேலைசெய்வோர் பலர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். அவர்கள் தங்குவது பெரிய கட்டடங்களில் அன்று. ஒரு குடும்பம் தன் மனையில் வரிசையாகக் கட்டி, மேலே கல்நார்த் தகடு வேய்ந்த நான்கைந்து அறைகளில்தான். ஓர் அறையில் பலர். கழிப்பிடம் எல்லார்க்கும் ஒன்று. மின்கட்டணம் தனி மீட்டரில் வீட்டுக்காரர் சொல்லும் விலைக்கு. எழுத்தில் ஒப்பந்தம் ஏதும் இராது. முன்பணம் மட்டும் உண்டு.

அந்த அறைகளின் உரிமையாளர் யார் என்பதையும் பார்க்கவேண்டும். நகரத்து மாடமாளிகைக்காரர் அல்லர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் கையில் கிடைத்ததைச் செங்கல்லாக மாற்றியவர். கணவனை இழந்து அவ்வாடகையே ஓய்வூதியமாக வாழ்பவர். கழிமுகத்தில் மீன் குறைந்தபின் இரண்டு அறை கட்டிக்கொண்ட குடும்பம். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் ஒண்டுக்குடித்தன வரிசைகளை அறிந்த போதகர்கள் இதனை மறுக்கமாட்டார்கள். இருவருமே ஒரே ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்திருப்பதும் உண்டு. ஆகவே ஏழைக் குடியிருப்பாளர் ஒரு பக்கம், செல்வ நிலக்கிழார் மறுபக்கம் என்ற எளிய படத்தை வைத்துக்கொண்டு இச்சிக்கலை அணுக இயலாது.

தள்ளிவைப்பா, தள்ளுபடியா?

மார்ச் 29 ஆணையில் ஒரு குறை தொடக்கமுதலே இருந்தது. ஒரு மாதம் வாடகை கேட்கலாகாது என்றது. அந்த மாத வாடகை பின்னர்க் கேட்கப்படலாமா, அன்றி அற்றுப்போயிற்றா என்பதைச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் தள்ளிவைப்பு என்று கொண்டார். குடியிருப்பவர் தள்ளுபடி என்று கொண்டார். வழக்கத்தில் இச்சண்டையைத் தீர்த்தது முன்பணமே. பாக்கியை அதில் கழித்துக்கொண்டார்கள். ஊரடங்கு தளர்ந்து வேலைக்குத் திரும்பியவர் புதிய அறைக்குப் போக எண்ணினால் கையில் முன்பணம் இல்லை. வாடகை கேளாமலே வாடகை வசூலான வகை இது.

இதே நாள்களில் வங்கிக் கடன் வாங்கியிருந்தோர் நிலை வேறாக இருந்தது. இந்திய ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை அனுமதித்து, பின்னர் ஆகஸ்டு 31வரை அதனை நீட்டித்தது. வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வட்டிக்கு வட்டி விதிப்பதைப்பற்றி நாடே விவாதித்தது; 2 கோடி ரூபாய்வரையான கடன்களுக்கு அந்தச் சுமையை அரசே ஏற்றது. வீட்டுக் கடன் உள்ளவர் ஆறு மாதம் தவணையை நிறுத்திவைக்கலாம். அவ்வீட்டில் குடியிருப்பவருக்கோ தாளில் எழுதிய ஒரு மாதம். கடனாளி என்ற பெயர் பெறுவதற்குக்கூட ஓரளவு செல்வம் வேண்டியிருக்கிறது.

தள்ளிவைப்பா தள்ளுபடியா என்னும் இவ்வினா புதியதன்று. உபாகமம் 15ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் கடன்கொடுத்தவன் தன் பிடியை விடவேண்டும் என்கிறது. அங்குள்ள 'ஷெமித்தா' என்ற எபிரெயச் சொல்லுக்குக் கைநழுவ விடுதல் என்பது அடிப்படைப் பொருள். யாத்திராகமம் 23இல் அதே வேர்ச்சொல் நிலத்தைத் தரிசாக விடுவதைக் குறிக்கிறது. நிலம் மறு ஆண்டு மீண்டும் உழப்படும். அவ்வாறாயின் கடனும் ஓராண்டுக்கு மட்டும் கேட்கப்படாதிருந்து பின்னர் மீண்டும் உயிர்பெறுமா, அல்லது முற்றிலும் அற்றுப்போகுமா? உரையாசிரியர்கள் இரு பக்கமும் நின்று வாதிட்டுள்ளனர். யூத மரபு பெரும்பாலும் முழுத் தள்ளுபடி என்றே கொண்டது. நம் கருத்தும் அதுவே. அடிமையை விடுவிக்கும் சட்டம் அதே அதிகாரத்தில் அடுத்து வருகிறது. அங்கே விடுதலை தற்காலிகமானதன்று என்பது தெளிவு.

ஒன்றை ஒப்புக்கொண்டே மேலே செல்லவேண்டும். வாடகைப் பாக்கி உபாகமம் பேசும் கைமாற்றுக் கடன் அன்று. மிஷ்னாவின் ஷெவியித் பகுதி, கடைக்காரரிடம் வைத்த பற்றுக்கூட இயல்பாக விடுதலைக்கு உட்படாது என்று பிரித்துக் காட்டுகிறது. எனவே ஏழாம் ஆண்டுச் சட்டத்தை எடுத்து நேரே வாடகைக்குப் பொருத்துவது ஒழுங்கான திருமறை விளக்கம் ஆகாது. ஆனால் விடுதலை அளிக்கும் சட்டம் தன்னால் நேரக்கூடிய தீங்கை முன்னறிந்து பேசுகிறதே, அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

மூடிய கை

ஏழாம் ஆண்டு நெருங்குகிறதென்று எண்ணி ஏழைச் சகோதரனுக்குக் கடன் மறுக்கும் உள்ளத்தை உபாகமம் 15:9 கண்டிக்கிறது. சட்டம் நல்லது; ஆனால் அச்சட்டம் இருப்பதனாலேயே கொடுப்பவன் கையை மூடிக்கொள்வான் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் அறிந்திருந்தனர். அந்த எச்சரிக்கை பலிக்காமல் போகவில்லை. ஹில்லேல் காலத்தில் மக்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடாமல் நிறுத்திவிட்டனர் என்றும், அதனால் அவர் 'ப்ரொஸ்புல்' என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார் என்றும் மிஷ்னா கூறும். கடன்கொடுத்தவர் தன் கடனை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைப்பதாக எழுதிவைப்பார். நீதிமன்றத்தின் கையிலுள்ள கடன் ஏழாம் ஆண்டில் அற்றுப்போகாது. கடன் கொடுக்கும் வழக்கம் பிழைத்தது, விடுதலை மெலிந்தது. ஹில்லேலைக் குறைகூறுவோர் நம்மிடையே உண்டு. எனினும் ஏழைக்குக் கடன் கிடைக்கவேண்டும் என்பதே அவர் கவலை என்பதை மறக்கலாகாது.

2020க்குப் பின் இதே கை மூடியது. திருமணமாகாத வெளிமாநிலத் தொழிலாளருக்கு அறை கொடுக்கத் தயங்குதல், முன்பணத்தை உயர்த்துதல், ஒப்பந்தக்காரர் பொறுப்பேற்றால்தான் தருவேன் என்றல் ஆகியன எல்லாம் ஏழாம் ஆண்டு நெருங்கும்போது எழும் அதே அச்சத்தின் வடிவங்களே. அவ்வச்சத்தைப் பொல்லாங்கு என்று கண்டிப்பது எளிது. இரண்டு அறை வாடகையில் மருந்து வாங்கும் கைம்பெண்ணிடம் அதைச் சொல்லும் போதகர், அடுத்த சொல்லையும் ஆயத்தமாக வைத்திருக்கவேண்டும்.

அடுத்த சொல் திருமறையிலேயே உள்ளது. உபாகமம் 15 அடிமையை விடுவிக்கச் சொல்லுமிடத்து அவனை வெறுங்கையாய் அனுப்பலாகாது என்கிறது. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் எடுத்துக் கொடுத்தனுப்ப வேண்டும். விடுவிப்பும் கொடையும் அங்கே ஒன்றாகவே வருகின்றன. ஒன்றிருந்து மற்றொன்று இல்லையேல் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இரு சான்றுகள் உள.

அமெரிக்காவில் 2020 செப்டம்பர் 4 முதல் நோய்த்தடுப்பு மையத்தின் ஆணையால் வாடகை செலுத்தாதோரை வெளியேற்றுவது நிறுத்திவைக்கப்பட்டது. வாடகைப் பாக்கி மட்டும் மாதந்தோறும் ஏறியது. அதனை ஈடுசெய்ய அந்நாட்டு நாடாளுமன்றம் இரு தவணைகளில் ஏறத்தாழ 4,650 கோடி டாலர் ஒதுக்கியது. ஆனால் 2021 ஜூலை முடியும்வரை அதில் மக்களைச் சென்றடைந்தது ஏறக்குறைய 510 கோடி டாலர் மட்டுமே. விண்ணப்பப் படிவங்களும் சான்றுகளும் அலுவலகங்களும் வழியை அடைத்தன. ஆகஸ்டு 26 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையாணை செல்லாது என்றது. தடை போயிற்று, பணம் இன்னும் வந்துசேரவில்லை. மீட்புப் பணம் கருவூலத்தில் இருக்கும்போதே வெளியேற்றம் தொடங்கியது.

தில்லியில் நடந்தது வேறு. உள்துறை ஆணை வந்த அதே மார்ச் 29 அன்று முதலமைச்சர் கெஜ்ரிவால், வீட்டுக்காரர்கள் வாடகை கேட்பதைத் தள்ளிவைக்குமாறும், வறுமையால் செலுத்த இயலாதோர் வாடகையை அரசே செலுத்தும் என்றும் கூறினார். விடுவிப்பையும் கொடையையும் சேர்த்துச் சொன்ன சொல் அது. ஆயின் கொடை வரவில்லை. வழக்குத் தொடரப்பட்டது, 2021 ஜூலை 22 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, முதலமைச்சர் அளித்த வாக்குறுதி நிறைவேற்றத்தக்கதே எனத் தீர்ப்பளித்தார். செப்டம்பர் 27 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை நிறுத்திவைத்தது. அரசுப் பதவியில் இருப்பவர் பேரிடர்க் காலத்தில் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு கடப்பாடு உண்டு என்பது நம் அறவியல் வகுப்புகளில் எடுத்து ஆராயத்தக்க பொருள்.

தமிழ்நாட்டு அரசு வாடகையை ஏற்பதாகச் சொல்லவில்லை. நேரே பணம் கொடுத்தது. 2020 ஏப்ரலில் அரிசி பெறும் குடும்ப அட்டை ஒன்றுக்கு 1000 ரூபாய். ஜூனில் சென்னையிலும் அண்டைப் பகுதிகளிலும் முழு ஊரடங்கு வந்தபோது மீண்டும் 1000. 2021 மே, ஜூன் மாதங்களில் 2000 வீதம் இரு தவணை. இது நன்மையே. ஆயினும் அட்டையை வைத்தே பணம் கொடுக்கப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். ஒடிசாவிலிருந்து வந்தவருக்கு இங்கே அட்டை இல்லை. தமிழரான குடியிருப்பாளரிலும் பலர்க்கு அட்டை சொந்த ஊரில் கிடக்கிறது. முகவரி மாற்ற வீட்டுக்காரர் சம்மதம் வேண்டுமென்றால் அவர் தயங்குகிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப்பின் 6000 ரூபாய் கொடுக்கப்பட்டபோது அட்டையில்லாதோரும் விண்ணப்பிக்கலாம் என அறிவித்தது ஒரு முன்னேற்றம். அப்போதும் தாம் இங்கே வாழ்கிறோம் என்று காட்டவேண்டிய நிலை இருந்தது. அதனை எளிதாகக் காட்டக்கூடிய தாள் வாடகை ஒப்பந்தம். வள்ளூர் அறைவாசியிடம் இல்லாத தாளும் அதுவே.

மதிலுள்ள நகரத்து வீடு

வாடகைச் சட்டங்கள் பெரும்பாலும் போர்க்காலத்தின் பிள்ளைகள். 1915இல் கிளாஸ்கோ நகரத்துத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் உயர்த்திய வாடகையைச் செலுத்த மறுத்து நின்றபின் பிரிட்டிஷ் அரசு வாடகையைப் போருக்கு முந்தைய அளவில் நிறுத்தச் சட்டம் செய்தது. 1918இல் பம்பாய்க்கு அத்தகைய சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கட்டுப்பாடுகள் வளர்ந்து 1960ஆம் ஆண்டுச் சட்டமாயின. அச்சட்டத்தில் போதகர்கள் அறியவேண்டிய ஒரு சொல் இருந்தது. வாடகை செலுத்தத் தவறியவர் வேண்டுமென்றே தவறினாரா என்று நடுவர் பார்க்கவேண்டும். வேண்டுமென்றே இல்லையெனில் 15 நாளுக்கு மேற்படாத தவணை கொடுத்துப் பாக்கியைச் செலுத்தச் செய்து, அவரைக் குடியிருக்க விடலாம். 15 நாள் மிகக் குறைவே. ஆயினும் ஏன் தவறினார் என்று சட்டம் கேட்டது. 2019 பிப்ரவரி 22இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் வலியுறுத்துகிறது; வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் இரண்டு மாதப் பாக்கி, அறிவிப்பு, ஒரு மாதத் தவணை என்று கணக்குப் பார்க்கிறதேயன்றி, ஏன் என்று கேட்பதில்லை. எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாமையே வெளியேற்றுவதற்குரிய காரணங்களுள் ஒன்றாகவும் இச்சட்டத்தில் இருக்கிறது.

பழைய சட்டத்தைப்பற்றிச் சொல்லும்போது திருச்சபையைப்பற்றியும் சொல்லியாகவேண்டும். 1976இல் தமிழ்நாடு அரசு இந்து, கிறிஸ்தவ, இசுலாமியச் சமய அறக்கட்டளைகளுக்குச் சொந்தமான கட்டடங்களை 1960ஆம் ஆண்டுச் சட்டத்தினின்று விலக்கியது. பழைய குறைந்த வாடகையால் அறநிலையங்கள் நலிகின்றன என்பது அதற்குரிய காரணம். உச்ச நீதிமன்றமும் அவ்விலக்குச் செல்லும் என்றது. புதிய சட்டத்திலும் இத்தகைய விலக்கு அறிவிக்க வழி வைக்கப்பட்டிருக்கிறது. காரணம் பொய்யன்று, கோயில் கடையையும் ஆலய வளாகத்து வீட்டையும் அற்ப வாடகைக்குப் பிடித்துக்கொண்டு உள்வாடகைக்கு விட்டோர் இருந்தனர். எனினும் விளைவைப் பாருங்கள். தவறியது வேண்டுமென்றா என்று கேட்கும் நடுவரிடம் பிறர் வீட்டில் குடியிருந்தோர் போகலாம். திருச்சபை வீட்டில் குடியிருந்தோர் போக இயலாது.

இங்கே லேவியராகமம் 25ஆம் அதிகாரத்தை வாசிப்பது பயன்தரும். யூபிலியைப்பற்றி அருளுரை ஆற்றுவோர் பெரும்பாலும் 29 முதல் 34வரையான வசனங்களைக் கடந்துபோகின்றனர். மதில்சூழ்ந்த நகரத்தில் விற்கப்பட்ட வீட்டை ஓராண்டுக்குள் மீட்காவிடில் அது வாங்கியவனுக்கே நிலைத்துவிடும், யூபிலியிலும் திரும்பாது. மதிலற்ற கிராமத்து வீடு நிலத்தைப்போல் கருதப்பட்டுத் திரும்பும். நகரவாசிக்கு யூபிலி இல்லை! வேளாண் சமூகத்தின் சட்டம் நிலத்தைக் காத்தது. நகரத்தைச் சந்தைக்கு விட்டது. அதற்கும் ஒரு விலக்கு உண்டு. லேவியருடைய நகரங்களில் உள்ள வீடுகள் எப்போதும் மீட்கப்படலாம். சமயப் பணியாளர்க்குத் தனிச் சலுகை என்று பார்த்தால் 1976ஆம் ஆண்டு விலக்கும் இதுவும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் லேவியருக்கு நிலப் பங்கு இல்லை. வீடு ஒன்றே அவர்களுக்கு உடைமை. வீட்டை இழந்து நிற்கும் லேவியனைக் காப்பதே அவ்விலக்கின் நோக்கம். வீடு வைத்திருப்பவரைக் குடியிருப்பவரிடமிருந்து காப்பது அன்று. வேறு உடைமை அற்றவர் என்னும் அளவுகோலை வைத்துப் பார்த்தால், வள்ளூரில் லேவியர் யார் என்பதை வாசகர்களே முடிவு செய்யலாம்.

நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் பஞ்சமும் அரச வரியும் மக்களை நசுக்கியபோது நெகேமியா பெரியோர்களைக் கண்டித்தார். நிலங்களோடு வீடுகளையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அக்கண்டனத்தின் நடுவே தாமும் தம் சகோதரரும் ஊழியரும் பணமும் தானியமும் கடன் கொடுத்தவர்களே என்று சொல்கிறார். கடன்கொடுத்தோர் வரிசையில் நின்றுகொண்டு பேசுகிறார். பின்னர் பன்னிரண்டு ஆண்டு ஆளுநருக்குரிய படியை வாங்கவில்லை என்பதையும் எழுதிவைக்கிறார். விடுவிப்பின் செலவில் ஒரு பங்கு அரசின் படியிலிருந்து வந்தது. வீட்டுக்காரர்மேல் மட்டும் ஆணையிட்டுவிட்டு அரசு தன் படியைப் பெற்றுக்கொண்டிருந்தால் நெகேமியா 2020 மார்ச் ஆணையின் நிலையில்தான் இருந்திருப்பார்.

திருச்சபையின் வாடகை வருமானம் வீண்போவதன்று. ஊழியர் ஊதியமும் பள்ளியும் விடுதியும் அதில் நடக்கின்றன. ஆகவே பேரிடர்க் காலத்தில் எல்லா வாடகையையும் தள்ளுபடி செய்க என்று சேகரக் குழுவிடம் சொல்வது, அச்சுமையை ஆலயப் பணியாளர் தலையில் வைப்பதாகவும் முடியலாம். எனினும் செய்யக்கூடியவை உள. சேகரத்தின் வாடகைப் பதிவேட்டில் பாக்கி என்று ஒரு பத்தி இருக்கும்; ஏன் என்று ஒரு பத்தி இராது. அதனைச் சேர்க்கச் செலவில்லை. பழைய சட்டம் கேட்ட வினாவை, அச்சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தவர்களே கேட்கத் தொடங்கலாம். கடைக்கு வேறு முறை, குடியிருப்புக்கு வேறு முறை வகுக்கலாம்.

ஒப்பந்தத்தைப்பற்றியும் ஒரு சொல். சேகரத்தின் வீடானாலும் சபையார் ஒருவரின் நான்கு அறையானாலும், அரசு பேரிடர் என்று அறிவித்த மாதங்களில் வாடகை என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளலாம்: எவ்வளவு பகுதி நிற்கும், எவ்வளவு பகுதி பின்னர் எத்தனை தவணையில் செலுத்தப்படும், முன்பணத்தில் கைவைக்கலாகாது, அரசு உதவி வந்தால் அதில் வாடகைக்கு உரியது எவ்வளவு. ஊரடங்கு நாளில் பேசினால் சண்டையாகும் பொருளை வேலை நடக்கும் நாளில் பேசி முடிக்கலாம். இதற்குப் பெரிய சட்ட அறிவு வேண்டியதில்லை. போதகர் ஒருவர் நடுவில் அமர்ந்தால் போதும். தாள் குடியிருப்பவர் வாசிக்கும் மொழியில், ஒடியாவிலோ இந்தியிலோ வங்காளத்திலோ, இருக்கவேண்டும். அதன் ஒரு படி அவர் கையில் இருக்கவேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டும் இருந்தால், அடுத்த வெள்ளத்தில் நிவாரணத்திற்கு விண்ணப்பிக்கும்போது தாம் வாழும் இடம் வள்ளூர் என்று காட்டவும் அது உதவும்.